ஒரிஜினல் இன்றைக்கு வரவில்லை

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, விதிக்கப்பட்டது.

கல்லூரி ஆண்டு மலருக்கு வழக்கம்போல ஒரு நையாண்டி கொடுத்திருந்தேன். எங்கள் கல்லூரி லிஃப்ட், தனக்கு ஓய்வூதியம் கேட்டுத் தானே எழுதிய விண்ணப்பம். மலர்ப் பொறுப்பாசிரியர் அதை முழுவதும் படித்தார். ஒரு இடத்தில்கூடச் சிரிக்கவில்லை. நடுவில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அவ்வளவுதான்.

"தம்பி, உனக்கு எழுத வருது. ஆனா நெஞ்சுல ஈரமே இல்ல. உருக்கமா ஒண்ணு எழுதிட்டு வா. படிக்கிறவங்க கண்ணைத் துடைக்கணும்."

"நீங்க இப்பவே துடைச்சீங்களே சார்."

"அது கண்ணாடி. வெளிய போ."

உருக்கத்துக்கு எங்கே போவது என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். நான் படிப்பதற்காக அக்கா வீட்டில் தங்கியிருக்கிறேன். அக்காவின் மகள் புதுப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு, நிலைக்கண்ணாடி முன்னால் பள்ளிக்கூடத்துக்கு நடந்து பழகிக்கொண்டிருந்தாள். ஐந்து வயது. மறுநாள் முதல் வகுப்பில் சேரப் போகிறவள். திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். கடையெல்லாம் தேடி அலைந்த சரக்கு வீட்டிலேயே இருக்கிறதே என்று நினைத்தேன்.

இப்படித்தான் ஆரம்பித்தது. இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

2

தொடக்கம்: "நிலவின் பாதியை மேகம் மறைத்ததுபோல, அந்தப் பிஞ்சு முகத்தில்—"

[அடித்துவிட்டேன். மேகம் விலகும். இது விலகாது.]

வேறு தொடக்கம்: "கடவுள் அவள் கன்னத்தில் ஒரு ரோஜா இதழை வைத்து—"

[அடித்துவிட்டேன். கடவுளைச் சாட்சிக்குக் கூப்பிட்டால் குறுக்கு விசாரணையும் செய்ய வேண்டியிருக்கும்.]

இன்னொன்று: "யாரும் இரண்டாம் முறை பார்க்க விரும்பாத—"

[இதை அடித்தது நான் இல்லை. அக்கா. முதலில் வாக்கியத்தை, பிறகு என்னை.]

சரி, உவமை இல்லாமல் சொல்கிறேன். நான் குண்டூசி என்று கூப்பிடும் என் அக்கா மகளுக்கு, இடது புருவத்திலிருந்து தாடைவரை அடர்சிவப்பில் ஒரு மச்சம். பிறக்கும்போதே இருந்தது. வலிக்காது, ஒட்டாது, தேய்த்தால் போகாது. வீட்டில் அதற்குப் பெயர் 'செவப்பு'. "செவப்புல சோப்பு போயிடுச்சும்மா" என்பாள். மற்ற குழந்தைகள் விரல் சூப்பித் தூங்குவார்கள். இவள் செவப்பின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு தூங்குவாள்.

சம்பந்தப்பட்டவரிடமே அனுமதி வாங்கிவிடலாம் என்று போனேன்.

"உன்னைப் பத்தி ஒரு கதை எழுதறேன்டி."

"சிங்கம் வருமா?"

"வராது."

"அப்புறம் என்ன கதை?"

"உன் செவப்பைப் பத்தி."

"அதுல என்ன இருக்கு?"

ஐந்து வயதில் இவ்வளவு கச்சிதமாக ஒரு கதையை நிராகரிக்க எங்கள் பொறுப்பாசிரியருக்கும் வராது. அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. மறுநாள் ராத்திரியே வந்துவிட்டது. அதைக் கொண்டுவந்தவர் அவளுடைய அப்பா.

3

அக்காவின் கணவர், என் அத்தான், போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறார். கீழே ஸ்டுடியோ, மேலே வீடு. ஸ்டுடியோவில் ஒரு முக்காலி, ஒரு நீலத் திரை, இரண்டு வெள்ளைக் குடை விளக்குகள், ஒரு சீப்பு. (சீப்பு சங்கிலி போட்டுக் கட்டியிருக்கும். அது வேறு கதை.) யார் வந்து உட்கார்ந்தாலும் "தாடையைக் கொஞ்சம் இறக்குங்க" என்பார். நிமிர்ந்து வந்த கவுன்சிலரையும் இறக்கியிருக்கிறார்.

எடுத்த பிறகு கம்ப்யூட்டரில் டச்சப். பரு, கீறல், கண்ணுக்குக் கீழே கருவளையம், முந்தைய நாள் சண்டையில் வாங்கிய வீக்கம், எல்லாம் போய்விடும். "நான் ஒண்ணும் பொய் சொல்லலடா. அவங்க நல்லாத் தூங்கி எழுந்தா எப்படி இருப்பாங்களோ அதைத்தான் காட்டறேன்" என்பார்.

அந்த வருடம் பள்ளிக்கூடத்தின் புதுப் பிள்ளைகளுக்கு அடையாள அட்டைப் படம் எடுக்கும் வேலை அவருக்கே கிடைத்தது. பள்ளி திறப்பதற்கு முந்தைய வாரமே சீருடையில் வரிசையாக எல்லாக் குழந்தைகளையும் எடுத்தார். ராத்திரி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து வரிசையாக டச்சப் செய்தார். மூக்குச்சளி, கொசுக்கடி, பால் மீசை. ஒவ்வொன்றையும் பெரிதாக்கி, துடைத்து, சேமித்து, அடுத்தது. வரிசையில் குண்டூசியும் இருந்தாள்.

அவளையும் துடைத்துவிட்டார்.

[இந்த இடத்தில் முதலில் இப்படி எழுதியிருந்தேன்: "ஒரு தகப்பனின் அடிமனதில் ஒளிந்திருந்த வெட்கம் அன்று அவன் விரல்நுனி வழியே—" பிறகு ஸ்டுடியோச் சுவரைப் பார்த்தேன். தவழும் குண்டூசி, தலையில் வாளி கவிழ்த்த குண்டூசி, அழும் குண்டூசி என்று சுவர் முழுக்க அவள்தான். எல்லாவற்றிலும் செவப்பு இருக்கிறது. எதிலும் அவர் கை வைத்ததில்லை. வாக்கியம் நன்றாக இருந்தது. ஆனால் பொய்.]

பிற்பாடு அவரிடமே கேட்டேன்.

"அத்தான், தப்பா எடுத்துக்காதீங்க. கை தானாப் போச்சா, இல்ல...?"

சீப்பின் சங்கிலியை நீவிக்கொண்டே இருந்தார்.

"பெருசு பண்ணிப் பாக்கும்போது மூஞ்சி தெரியாதுடா. வெறும் தோல்தான் தெரியும். தானாத்தான் போச்சு." சங்கிலியை விட்டுவிட்டு, "அதுதான்டா பயமா இருக்கு" என்றார்.

4

முதல் நாள் வகுப்பில் நடந்ததைக் குண்டூசி ராத்திரிச் சாப்பாட்டின்போது நடித்தே காட்டினாள். மிஸ்ஸாகவும் பிள்ளைகளாகவும் நாற்காலியாகவும்கூட.

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் தெரிந்துகொள்ளட்டும் என்று மிஸ் ஒரு விளையாட்டு வைத்திருக்கிறார். அட்டையை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டுவார். அது யார் என்று மற்றவர்கள் கண்டுபிடித்துக் கை காட்ட வேண்டும். அந்தப் பிள்ளை எழுந்து வந்து வாங்கிக்கொள்ள வேண்டும். நல்ல விளையாட்டு. அந்த மிஸ்மேல் எனக்கு வருத்தம் கிடையாது.

குண்டூசியின் அட்டை வந்தபோது யாரும் கை காட்டவில்லை. குண்டூசியும்தான். அது யாரென்று அவளுக்கும் தெரியவில்லை. மிஸ் அட்டையிலிருந்த பெயரைப் படித்தார். இவள் எழுந்து போனாள். மிஸ் அட்டையைப் பார்த்தார், இவளைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார்.

முன்வரிசையில் ஒரு பையன். நடந்தால் குதிகாலில் விளக்கு எரியும் ஷூ போட்டவன். இனி அவனை லைட் ஷூ என்றே சொல்கிறேன். அவன் சொன்னான்:

"மிஸ், இது இவ இல்ல. இது நல்லா இருக்கிற பாப்பா."

இதைச் சொல்லும்போது குண்டூசி அவன் குரலை அப்படியே கொண்டுவந்தாள். அக்கா சாதத்தைப் பிசைவதை நிறுத்தினாள். அத்தான் அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தது அப்போதுதான்.

"அப்பா," என்றாள் குண்டூசி, கோபமே இல்லாமல், பென்சிலைக் கேட்பதுபோல. "என் செவப்பை எடுத்து எங்க வெச்சிருக்க?"

அக்கா ஒரு பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் எடுக்கும் வேலையில் இருப்பவள். குத்துவது எப்படி என்று அவளுக்குத் தெரியும்.

"பத்து மாசம் உள்ள வெச்சுச் செஞ்சேன். நீங்க ஒரு நிமிஷத்துல துடைச்சிட்டீங்க."

"நாளைக்கே வேற எடுத்துடறேன்டா கண்ணு. வந்து முக்காலியில உக்காரு, போதும்."

"மாட்டேன். நீ மறுபடி எடுத்துடுவ."

பழைய படமாவது இருக்கிறதா என்றால், துடைத்ததை அதன்மேலேயே சேமித்திருக்கிறார். கேமராவையும் அடுத்த வேலைக்காகக் காலி செய்துவிட்டார். சுவரில் அத்தனை குண்டூசி இருந்தும் சீருடை போட்ட குண்டூசி அந்த ஒருத்திதான். அட்டை இல்லாமல் பள்ளிக்கூட வாசலில் விடமாட்டார்கள். ஆக அந்த வாரம் முழுக்க, யாரோ ஒரு நல்லா இருக்கிற பாப்பாவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனாள்.

5

வகுப்பில் குண்டூசிக்குப் பெயர் வைத்தாயிற்று. டூப்பு.

மிஸ் வருகைப் பதிவு எடுக்கும்போது இவள் "உள்ளேன் மிஸ்" என்றால், பின்னாலிருந்து ஒரு குரல்: "மிஸ், ஒரிஜினல் இன்னைக்கு வரல." வகுப்பே சிரிக்கும். 'யாரும் டூப்பு என்று சொல்லக் கூடாது' என்று மிஸ் கண்டித்தார். அதுவரை தெரியாமல் இருந்த பிள்ளைகளும் தெரிந்துகொண்டார்கள். இவள் பெஞ்சில் உட்காரப் போனால் "இது ஒரிஜினலோட இடம்" என்று பையை வைத்து மறித்தார்கள். ஒரு நாள் இடைவேளையில் லைட் ஷூ தன் ரப்பரை எச்சில் தொட்டு, இவள் கன்னத்தில் தேய்த்துப் பார்த்திருக்கிறான்.

அன்றைக்குக் கூட்டிவரப் போனது நான். கன்னத்தில் கீறல், அதைச் சுற்றி ரப்பர் துகள்.

"யாருடி பண்ணா?"

"லைட் ஷூ."

"நீ சும்மாவா இருந்த? கத்த வேண்டியதுதானே? கடிக்க வேண்டியதுதானே?"

"நான்தான் ஆடாம நின்னேன்."

"ஏன்?"

"அப்பாவுக்கு மட்டும் போச்சே."

[இதற்குப் பிறகு ஒரு பத்தி எழுதினேன். அடித்துவிட்டேன். அவள் சொன்ன அந்த மூன்று சொல்லுக்குப் பிறகு என் பத்திக்கு அங்கே வேலை இல்லை.]

லைட் ஷூவைப் பற்றி ஒரு சந்தேகம். என் வரைவில் அவனுக்கு முட்டைக்கண்ணும் குரூரச் சிரிப்பும் கொடுத்திருந்தேன். அப்பா பெரிய பணக்காரர் என்றும் சேர்த்திருந்தேன். மறுநாள் அவனை ஒரு வழி செய்துவிடுவது என்று வசனங்களை மனப்பாடம் செய்துகொண்டு வாசலில் போய் நின்றேன். வந்தான். என் முட்டி உயரம். ஒரு ஷூவின் பட்டை அவிழ்ந்து, காலை இழுத்து இழுத்து நடந்து, நேராக என்னிடமே வந்தான்.

"அங்கிள், இதை மாட்டி விடுங்க."

குனிந்து மாட்டிவிட்டேன். அங்கிள் என்றதற்காவது கோபித்திருக்கலாம்.

"அங்கிள், உங்க வீட்ல இன்னொரு பாப்பா இருக்குல்ல?"

"எந்தப் பாப்பா?"

"போட்டோவுல இருக்கிற பாப்பா. அது எப்போ வரும்? நான் இடம் பிடிச்சு வெச்சிருக்கேன்."

அவன் நக்கல் செய்யவில்லை. உண்மையாகவே காத்திருந்தான். இப்படி ஒரு வில்லனை வைத்துக்கொண்டு நான் எப்படிக் கதை எழுதுவது? அவனை அடிக்கவும் முடியவில்லை. மன்னிக்க நான் யார், கன்னம் என்னுடையது இல்லையே.

குதிகால் மினுக்க மினுக்க ஓடிவிட்டான். குண்டூசியைத் தேடி உள்ளே எட்டிப் பார்க்கும்போதுதான் ஞாபகம் வந்தது, அன்றைக்கு அவள் பள்ளிக்கூடத்துக்கே வரவில்லை.

காலையில் சீருடையைத் தொட மறுத்துவிட்டாள். அழவில்லை. கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, அட்டையைக் கழற்றி அத்தானிடம் நீட்டினாள்.

"இந்தப் பாப்பாவை அனுப்பு. எல்லாரும் இவளத்தான் கேக்கறாங்க."

6

இதுவரை எழுதியதைப் பொறுப்பாசிரியரிடம் காட்டினேன். இந்த முறை அவர் துடைத்தது கண்ணாடியை இல்லை. ஆனால் தொண்டையைச் செருமிக்கொண்டதும் பழையபடி பொறுப்பாசிரியராகிவிட்டார்.

"நல்லா இருக்கு. பாசிட்டிவா முடி. குழந்தைக்குப் பாட்டு வருமா?"

"கத்த வரும் சார்."

"பாட்டுப் போட்டியில முதல் பரிசு குடுத்துடு. எல்லாரும் கை தட்டறாங்க. அந்தப் பையனும் தட்டறான். முடிஞ்சுது."

யோசித்துப் பார்த்தேன். பரிசு வாங்கினால்தான் பெஞ்சில் இடம் என்றால், பரிசு வாங்காத நான் இத்தனை வருடமாக எந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன்?

என்னிடமும் ஒரு முடிவு இருந்தது. அத்தான் வகுப்புக்கு வருகிறார், எல்லோர் படத்திலும் தான் துடைத்ததைச் சொல்கிறார், "உன் நெத்தித் தழும்பு எங்கே? உன் மூக்குச்சளி எங்கே?" பிள்ளைகள் தங்கள் அட்டையைத் தாங்களே பார்க்கிறார்கள். எல்லோரும் டூப்பு! லைட் ஷூ தலைகுனிகிறான். எழுதி முடித்தபோது எனக்கே கண் கலங்கியது. கலங்கியதும் சந்தேகம் வந்துவிட்டது. மூக்குச்சளியும் செவப்பும் ஒன்றா? சளியை அவர்களே நாளைக்குத் துடைத்துவிடுவார்கள்.*

* சிலர் நாளைக்கும் துடைக்கமாட்டார்கள். ஆனாலும்.

இந்த முடிவுகளையெல்லாம் நான் அடுக்கிக்கொண்டிருந்த சாயங்காலம், கீழே ஸ்டுடியோவில் வேறொன்று நடந்தது. நான் படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்தேன். எழுதுகிறவன் செய்த உருப்படியான காரியம், குறுக்கே போகாமல் இருந்ததுதான்.

7

அத்தான் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கம்ப்யூட்டரில் அந்தப் படத்தைத் திறந்தார். குண்டூசி கதவோரம் கை கட்டி நின்றாள்.

"முக்காலியில உக்கார மாட்டேன்."

"வேணாம். கேமராவையே எடுக்கல. எடுத்ததைத் திருப்பி வைக்கறேன், அவ்ளோதான்."

"சுவர்ல இருக்கிற படத்துலேர்ந்து எடுத்து ஒட்டிடலாமே அத்தான்?" என்றேன்.

"அது பழைய செவப்பு," என்றாள் குண்டூசி, என்னைத் திரும்பியும் பார்க்காமல். "நான் பாப்பாவா இருக்கும்போது வெச்சிருந்தது."

வாயை மூடிக்கொண்டேன்.

அத்தான் புருவத்திலிருந்து ஆரம்பித்தார். ஆயிரம் முகத்தில் எடுத்த கைக்கு, ஒரு முகத்தில் வைக்க வரவில்லை. நீர் தொட்ட சாயம்போல எங்கெங்கோ போனது. அழித்தார், மறுபடி போட்டார். குண்டூசியால் பொறுக்க முடியவில்லை.

"அங்க இல்லப்பா."

"எங்க?"

"இன்னும் காதுகிட்ட. காதுக்குப் பின்னாடியும் போகும்."

"இப்படியா?"

"ஐயோ, தள்ளு." வந்து அவர் மடியில் ஏறி உட்கார்ந்தாள். கைக்கண்ணாடியை எடுத்து ஒரு கையில் பிடித்துக்கொண்டாள். "இங்க வளைஞ்சு வரும். இங்க நேரா. இங்க கொஞ்சம் வெள்ளையா விடு."

அவர் போட்டார். அவள் சொன்னாள். இப்படியே போனது.

"அவ்ளோதானே? தாடையோட முடிஞ்சுது."

"கீழ ஒரு குட்டி இருக்கே. தனியா."

"எது?"

"கழுத்துக்கு மேல. எப்பவும் இருக்கு."

அத்தான் மவுஸை விட்டார். "தாடையைத் தூக்கு," என்றார்.

அந்த ஸ்டுடியோவில் அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அவள் தூக்கினாள். விளக்கைத் திருப்பிப் பார்த்தார். தாடைக்கு அடியில் உளுந்து அளவுக்கு ஒரு செவப்பு, கூட்டத்திலிருந்து பிரிந்து நின்றது. அவர் விரலால் தொட்டார். அவள் கூச்சத்தில் நெளிந்து சிரித்தாள். பாஸ்போர்ட் அளவுப் படத்தில் அது தெரியவே தெரியாது. ஆனாலும் படத்தில் கழுத்துப் பக்கம் ஒரு புள்ளி வைத்தார்.

நிறம் சேரவில்லை. அவள் கன்னத்தைக் கம்ப்யூட்டர் திரையோடு ஒட்டி வைத்துக்கொண்டாள்.

"இன்னும் கொஞ்சம் கறுப்பு."

"இப்போ?"

"ம். இதான்."

அப்போதுதான் கன்னத்தில் காய்ந்திருந்த அந்த ரப்பர் கீறல் வெளிச்சத்தில் தெரிந்தது. அத்தான் அதைக் காட்டிக் கேட்டார்: "இந்தக் கீறல், கண்ணு? இதையும் போடணுமா?"

குண்டூசி கைக்கண்ணாடியில் பார்த்தாள்.

"வேணாம். அது என்னுது இல்ல. லைட் ஷூவோடது."

[இங்கே ஒரு உவமைக்கு இடம் இருக்கிறது. காலியாகவே விடுகிறேன்.]

8

மறுநாள் காலை சீருடை போட்டுக்கொண்டாள். புது அட்டையைக் கழுத்தில் மாட்டினாள். பழையதை என்ன செய்வது என்று அக்கா குப்பைக் கூடையைப் பார்த்தாள். குண்டூசி அதைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

வழியில் கேட்டேன்: "அது எதுக்குடி?"

"லைட் ஷூக்கு."

"எதுக்கு?"

"அவன்தானே கேட்டுட்டே இருக்கான். இந்தா, உன் பாப்பா, நீயே வெச்சுக்கோன்னு குடுத்துடுவேன்."

"குடுத்துட்டு?"

"என் இடத்துல உக்காருவேன்."

"பை வெச்சு மறிச்சா?"

என் சுண்டுவிரலைப் பிடித்திருந்த பிடி இறுகியது. வாசலில் காவலாளி அட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், தலையாட்டினார். விரலை விட்டுவிட்டு உள்ளே போனாள். முதுகை மறைத்த பை, கீழே இரண்டு கால்கள்.

நான் போகவில்லை. கல்லூரியில் முதல் பாடவேளை போனது. வருந்த வேண்டியது அந்தப் பாடம்தான், நான் இல்லை. மதிலோரம் நின்றேன். மணி அடித்தது. மிஸ் வருகைப் பதிவு எடுக்கும் குரல் ஜன்னல் வழியே வந்தது. அவள் பெயர் வந்தது. "உள்ளேன் மிஸ்" என்றாள். வழக்கத்தைவிடச் சத்தமாக.

பிறகு ஒரு பெஞ்ச் தரையில் இழுபடும் ஓசை. ஒரு பையனின் குரல் ஏதோ சொன்னது. வகுப்பே ஓவென்று சிரித்தது.

என்ன சிரிப்பு அது? மதிலுக்கு இந்தப் பக்கத்திலிருந்து எனக்குத் தெரியவில்லை. நீங்களும் ஒரு வகுப்பறையில் உட்கார்ந்தவர்தான். அந்தச் சத்தத்தை அங்கே கொண்டுபோய் வைத்துக் கேட்டுப் பாருங்கள்.

9

சாயங்காலம் கூட்டிவரும்போது கேட்டேன். நின்றாள். சுற்றும்முற்றும் பார்த்தாள்.

"சொல்றேன். ஆனா நீ எழுதக் கூடாது."

"ஏன்டி? கதைக்கு அதுதானே முடிவு?"

"நீ எழுதினா அதை நல்லா ஆக்கிடுவ. அப்பா மாதிரி."

சத்தியம் செய்தேன். அவள் சொன்னாள். பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுவரை சொன்னாள், நடுவில் லைட் ஷூவாகவும் மிஸ்ஸாகவும் நடித்தே காட்டினாள். நான் முழுவதும் கேட்டேன். எனக்குத் தெரியும்.

[                                        ]

அடைப்புக்குறிக்குள் இருப்பது அவளுடையது. பொறுப்பாசிரியர் அங்கே அச்சுப்பிழை என்று நினைத்து எதையாவது நிரப்பப் பார்ப்பார். சார், கை வைக்காதீர்கள்.

அன்றைக்கு நான் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருந்தபோது, சந்தேகப்பட்டு வந்து தோள்மேல் எட்டிப் பார்த்தாள். அவளுக்கு இன்னும் படிக்கத் தெரியாது.

"போட்டுட்டியா?"

"இல்லடி. காலியா விட்டிருக்கேன், பாரு."

காலி இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். திருப்தி. போகப் புறப்பட்டவள், ஏதோ பாவம் பார்த்தவள்போலத் திரும்பினாள்.

"சரி, ஒண்ணு மட்டும் போட்டுக்கோ."

"என்ன?"

"நாளைக்கும் போறேன்னு."